‘ஸ்ட்ராங்’ என்ற ஒற்றைச் சொல்: வீட்டில் காப்பியை ருசித்து ஒப்பிடுவது குறித்து

நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் அத்தர் வாங்கப் போனால், கடைக்காரர் எடுத்த எடுப்பில் விலை சொல்வதில்லை. புறங்கையைக் காட்டச் சொல்கிறார். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு தொட்டு வைக்கிறார். “தேய்க்காதீங்க தம்பி, கொஞ்சம் இருங்க” என்கிறார். இடக்கையில் மல்லிகையும் வலக்கையில் சந்தனமும் ஏறிய பிறகு, “இப்ப ரெண்டையும் மாத்தி மாத்தி மோந்து பாருங்க” என்கிறார். நாலாவது அத்தருக்குக் கை நீட்டினால், “வெளிய போயிக் காத்து வாங்கிட்டு வாங்க, மூக்கு அடைச்சிருக்கும்” என்று அனுப்பிவிடுகிறார். மணத்தை ஒப்பிடக் கற்பதற்கு வேண்டியதெல்லாம் இந்தக் கடை வாசலிலேயே கிடைத்துவிடுகிறது: சிறு அளவு, பக்கத்தில் இன்னொன்று, அவசரப்படாமை, இடையில் ஓய்வு.

அத்தர் வாங்கிய அதே ஆள் பத்தடி நடந்து ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து “ஸ்ட்ராங்கா ஒரு காப்பி” என்கிறார். வந்தது பிடித்திருந்தால் “நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு.” பிடிக்காவிட்டால் “தண்ணியா இருக்கு.” காப்பியைப் பற்றி நாம் வாய் திறந்து சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். நாக்கு மரத்துப்போனவர்கள் அல்ல நாம். தஞ்சை வட்டாரத்தில் நெல் வியாபாரி கையளவு நெல்லை எடுத்து, ஒன்றிரண்டைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவார். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. கருவி வைப்பதற்கு முன்னாலேயே பல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. புது அரிசிச் சோற்றையும் பழைய அரிசிச் சோற்றையும் மோந்தே பிரித்துச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காத வீடு நாகூரில் கிடையாது. இத்தனை நுணுக்கம் உள்ள நாம் காப்பியிடம் மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டோம்? வீட்டிலேயே, கையில் இருக்கும் பாத்திரங்களைக் கொண்டு, அந்த நுணுக்கத்தைப் பழக முடியுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இதுவரை தெரிந்திருப்பதை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

முதல் கேள்விக்கான பதில் பாதி நம் சமையலறையிலும் மீதி அரசாங்கச் சட்டத்திலும் கிடக்கிறது.

காப்பி நம் ஊர்ப் பயிர் அல்ல. கடல்மட்டத்தில் கிடக்கும் டெல்டாவில் நெல்லும் தென்னையும் வளரும், காப்பி வளராது. ஆனால் உறவு இல்லாமல் இல்லை. நாகூரை ஒட்டிக் கடலில் கலக்கும் வெட்டாறு காவிரியின் கிளை. அந்தக் காவிரி தலைக்காவிரியில் பிறக்கும் குடகுதான் நாட்டிலேயே மிக அதிகமாகக் காப்பி விளையும் மாவட்டம். ஆறு பிறக்கும் இடத்தில் காப்பியும் அது கடலில் முடியும் இடத்தில் அரிசியும். ஆனால் குடகுக் காப்பி என்றோ ஏற்காட்டுக் காப்பி என்றோ கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. தூள் கடையில் நாம் கேட்பது “பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, சிக்கரி இருபது” என்றுதான். ஊர்ப் பெயர் எங்கே போனது?

1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி, தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஏற்காட்டில் விளைந்ததும் சிக்மகளூரில் விளைந்ததும் ஒரே களஞ்சியத்தில் சேர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்துக்குப் போயின. 1990களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுவதும் விலகியது. அரை நூற்றாண்டுக்கு மேல் தோட்டத்தின் முகம் குடிப்பவருக்குத் தெரியவில்லை; தரப் பெயர் மட்டும் கடைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தரப் பெயரும் ருசியின் பெயர் இல்லை. பிளாண்டேஷன் என்றால் பழத்தின் சதையை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அரபிகா. ‘ஏ’ என்பது சல்லடைக் கணக்கு: சுமார் 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே நிற்கும் கொட்டை. ‘பீபெரி’ என்பது ஒரு பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு திரண்டது. நூறு பழத்தில் ஐந்து முதல் பத்துப் பழங்கள் இப்படி அமையும். உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு சீராக வறுபடும் என்பார்கள். மற்றபடி நல்ல தோட்டத்தின், ‘ஏ’வுக்கு அடுத்த அளவான ‘பி’ கொட்டை, சுமாரான தோட்டத்து பீபெரியைத் தாராளமாகத் தோற்கடிக்கும். நாம் பெருமையோடு கேட்டு வாங்கிய பெயர்கள் கொட்டையின் அளவையும் வடிவத்தையும் சொன்னவை. நாக்கில் என்ன நடக்கும் என்பதை அவை சொல்லவில்லை.

சமையலறையில் கிடக்கும் பாதிக்கு வருவோம். காப்பி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் காப்பி உயர்ந்ததும், டீ உழைப்பாளிகளின் பானமாக அதற்கு எதிரே நின்றதும் அதில் துலக்கமாக வருகின்றன. கும்பகோணம் டிகிரி காப்பி அந்த உயர்வின் கொடி. ‘டிகிரி’ என்ற சொல் பால்மானியின் அளவிலிருந்து வந்தது என்பார் பலர். ‘சிக்கரி’ வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆனது என்பார் சிலர். எனக்குப் பால்மானிக் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் டெல்டாவின் காப்பிப் பெருமை எப்போதுமே பாலின் பெருமையாகத்தான் இருந்திருக்கிறது. தண்ணீர் கலக்காத பசும்பால், கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷன், நுரை ததும்பும் டபரா. மூன்றில் இரண்டு பங்கு பால் விழும்போது அதைத் தாங்கும் கனமும் கசப்பும் டிகாக்ஷனுக்கு வேண்டும். அந்தக் கனத்தை ரொபஸ்டாவும் சிக்கரியும் தந்தன. பாலிலுள்ள புரதம் காப்பியின் துவர்ப்பைக் கட்டிப்போடும். சர்க்கரை கசப்பை மூடும். ஆகக் கடைசியில் நாக்குக்கு வந்து சேருவது கனம் ஒன்றுதான். அதற்கு நாம் வைத்த பெயர் ‘ஸ்ட்ராங்’. பழக்கத்துக்குப் பொருந்தி வந்த சொல்தான் அது. காப்பியின் மற்ற குணங்களைக் கண்ணில் படாமல் செய்துவிட்டது என்பதுதான் என் குறை.

சிக்கரியைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கரி ஒரு செடியின் கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. நெப்போலியன் 1806இல் பிரிட்டனோடு வணிகத்தைத் தடுத்தபோது காப்பி கிடைக்காமல் தவித்த ஐரோப்பாவில் அது பரவியது. அதில் கஃபீன் கிடையாது. வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் கருகிய வெல்லம் போல மாறி, நிறத்தையும் வழவழப்பையும் இனிப்பு கலந்த கசப்பையும் தருகிறது. இந்தியச் சட்டப்படி காப்பி–சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். ஏறக்குறைய பாதிவரை சிக்கரி இருக்கலாம் என்பதே இதன் பொருள். விரும்பிக் குடிப்பவர் குடிக்கட்டும். ஆனால் சிக்கரி எது, காப்பி எது என்று தெரிந்து குடிக்கட்டும். அதற்கு ஒரு எளிய சோதனை: கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்பு நூல் நூலாக நிறம் விட்டபடி அடியில் இறங்கும்.

அந்தப் பழுப்பு நிறம்தான் நம்மை ஏமாற்றுகிறது. கருப்பாக இருந்தால் கெட்டி, கெட்டியாக இருந்தால் நல்ல காப்பி என்று கண் முடிவு செய்துவிடும். நாக்கு அதற்குத் தலையாட்டும். படித்துத் தேர்ந்தவர்களுக்கும் இது நடக்கும். 2001இல் பிரான்ஸின் போர்தோ நகரில், மதுக்கலை பயிலும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். காப்பியை ஒப்பிட உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது கண்ணை மூடுவது. நான் சொல்வது உவமை இல்லை. நிஜமாகவே மூட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வீட்டில் பழக முடியுமா? தொழில்முறை ருசியாளர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும். காப்பி வாரியத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி, பின்பு பெங்களூரில் தனியாக ஆய்வகம் நிறுவிய சுனாலினி மேனன், ஆசியாவின் முதல் பெண் காப்பி ருசியாளர் என்று உலகம் அறிந்தவர். அவரைப் போன்றவர்கள் நாள் முழுவதும் செய்யும் வேலைக்கு ‘கப்பிங்’ என்று பெயர். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். ரவைப் பதத்தில் அரைத்தது. கொதித்து அடங்கிய, சுமார் 93 டிகிரிச் சூட்டில் உள்ள தண்ணீரை நேராகத் தூளின் மேல் ஊற்றி நான்கு நிமிடம் அசையாமல் விடுவார்கள். மேலே தூள் ஆடைபோலப் படியும். கரண்டியின் முதுகால் அந்த ஆடையை விலக்கும் நொடியில் மூக்கைக் கிட்டத்தில் வைத்து முகர்வார்கள். நுரையை வழித்தெடுத்துவிட்டு, சூடு சற்று இறங்கியதும் கரண்டியில் எடுத்து ‘சர்’ரென்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். உறிஞ்சிக் குடிக்காதே என்று சின்ன வயதில் வாங்கிய திட்டை இங்கே மறக்க வேண்டும். காற்றோடு சேர்ந்து தெளிக்கும்போதுதான் மணம் தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அப்படி ஏறும் மணம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காப்பி குடித்து, பிறகு கையை விட்டுப் பாருங்கள், தெரியும். விழுங்காமல் துப்புவதும் முறையே. வெற்றிலைப் படிக்கம் உள்ள வீட்டில் அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தராசு இல்லையென்றால் ஒரே கரண்டியால் தலை தட்டி அளந்தால் போதும். கப்பிங் பிடிபடவில்லை என்றால் ஒரே அளவுள்ள இரண்டு ஃபில்டர்கள் போதும். தூளைப் போட்டு, குடையால் ஒரே மாதிரி அழுத்தி, ஒரே கெட்டிலிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றி, இறங்கிய டிகாக்ஷனில் சமபங்கு வெந்நீர் கலந்து பாலில்லாமல் குடித்துப் பார்ப்பது. மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தூளை மாற்றினால் தண்ணீரை மாற்றாதே. தண்ணீரை மாற்றினால் தூளை மாற்றாதே.

வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறதா, அல்லது தெரிவதாக நினைத்துக்கொள்கிறோமா? இதைச் சோதிக்க 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நடந்த ஒரு தேநீர் விவகாரம் உலகப் புகழ்பெற்றது. கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, தேநீர் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை, நான்கு ஒருவிதம் நான்கு இன்னொரு விதம் என்று வரிசை கலைத்துக் கொடுக்கும் சோதனையை வகுத்தார். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான். 1935இல் வெளியான அவருடைய புத்தகத்தால் இது புள்ளியியலின் பாலபாடம் ஆகிவிட்டது. பால் முதலா டிகாக்ஷன் முதலா என்று நம் வீடுகளில் நடக்கும் சண்டையையும் இப்படித் தீர்த்துவிடலாம்.

ருசியாளர்கள் செய்வது இன்னும் சுருக்கமானது: மூன்று கோப்பை. இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைச் செய்து பார்த்தேன். ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர்கள்; அடியில் பென்சிலால் குறி. இரண்டில் தூய பிளாண்டேஷன், ஒன்றில் அதோடு முப்பது சதவீதம் சிக்கரி. பால் இல்லை, சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டு லாத்தாவை, அதாவது அக்காவை, கூப்பிட்டேன். அவர்கள் காலை பசியாறும்போது தேத்தண்ணி குடிப்பவர்கள். காப்பியைப் பற்றி எந்தக் கர்வமும் இல்லாதவர்கள். கண்ணை மூடிக்கொண்டு முதல் சுற்றில் முகம் சுளித்தார்கள். “எல்லாம் கசப்பாத்தானே இருக்கு தம்பி?” இரண்டாவது தடவை உறிஞ்சியதும் நடு டம்ளரைத் தட்டிக் காட்டினார்கள். “இதுல சீனிப்பாகு அடிப்புடிச்ச வாடை வருது. மத்தது ரெண்டும் கடைசில லேசாப் புளிக்குது.” டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். சிக்கரி அதுதான். ஐந்து தடவை டம்ளரை மாற்றி மாற்றி வைத்ததில் நான்கு முறை சரியாகச் சொன்னார்கள். வெறும் ஊகத்தில் ஐந்துக்கு நான்கு அல்லது அதற்கு மேல் வர நூற்றில் ஐந்துக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு. ஐம்பது வருஷம் பாகு காய்ச்சிய மூக்கு, பாகு தீயும் வாடையைக் காப்பியிலும் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு அன்று ஐந்துக்கு மூன்றுதான் கிடைத்தது.

லாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. காப்பி ருசிக்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒரு வண்ணச் சக்கரம் உண்டு. 1995இல் அமெரிக்கச் சிறப்புக் காப்பிச் சங்கம் வெளியிட்டு, 2016இல் திருத்தியது. அதில் புளூபெர்ரி, ராஸ்ப்பெர்ரி, மேப்பிள் பாகு என்று சொற்கள் வரும். நாகூரில் பிறந்தவர் மேப்பிள் பாகை எங்கே கண்டார்? அந்தச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு காப்பியில் தேடுவது வீண் வேலை. நாவல்பழத்தின் துவர்ப்பு தெரியாதவர் நம்மில் உண்டா? கருப்பட்டி, சுட்ட அப்பளம், வறுத்த பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, கொடுக்காப்புளி, பழம்புளி, சுக்கு, ஏலம், நனைந்த சாக்கு, பழைய எண்ணெய்ச் சிக்கு, காந்தல், கமறல், காறல்: இவையெல்லாம் நமக்கு நாக்கிலும் மூக்கிலும் பதிந்தவை. வெந்தயத்துக்கு அந்த வாசனையைத் தரும் ‘சோடோலான்’ என்ற பொருள் வறுத்த காப்பியிலும் இருக்கிறது. ஆகவே ஒருவர் காப்பியை மோந்து “வெந்தயம் வறுத்த மாதிரி” என்றால் அது வேதியியலுக்கும் பொருந்தும்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேற்கத்தியப் பாடங்கள் துவர்ப்பைச் சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாய் உலரும் உணர்ச்சி என்று தனியே வைத்துவிடும். அறுசுவையில் துவர்ப்புக்குச் சமபங்கு இடம் உண்டு. புதிதாகக் காப்பி ருசிப்பவர் முதலில் தடுமாறும் இடமே கசப்பு, துவர்ப்பு, புளிப்பு மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். வாழைப்பூ ஆய்ந்த கை உள்ள வீட்டில் இந்தக் குழப்பம் ஒரு வாரத்தில் தீரும். புளிப்பு நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கும். துவர்ப்பு ஈறை இழுத்துப் பிடிக்கும். கசப்பு விழுங்கிய பிறகும் அடித்தொண்டையில் நிற்கும். அந்தக் கசப்புக்கும் பல வேர்கள். கஃபீன்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். அதன் பங்கு சிறியது. குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது உண்டாகும் பொருள்கள் மிதமான கசப்பையும், மேலும் கருக வறுக்கும்போது பிறப்பவை முரட்டுக் கசப்பையும் தருகின்றன என்று ஜெர்மன் வேதியியலாளர்கள் 2007இல் காட்டினார்கள். கருகிய காப்பியின் கசப்பைக் கொட்டையின் வீரியம் என்று எடுத்துக்கொள்வது தவறு.

எவற்றை ஒப்பிடுவது? தொடக்கத்துக்கு மிகத் தூரம் விலகி நிற்கும் இரண்டை எடுப்பது நல்லது: அரபிகாவும் ரொபஸ்டாவும். அரபிகாவில் புளிப்பும் மணமும் தூக்கலாக இருக்கும். கஃபீன் ரொபஸ்டாவில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. ரொபஸ்டா தானிய வாசனையும் கனமும் கொண்டது. இந்தியாவில் விளைவதில் பத்தில் ஏழு பங்கு அதுதான். இந்த இரண்டும் கண்ணை மூடியபடி பிடிபட்ட பிறகு நெருங்கிய உறவுகளுக்கு வரலாம்: ஏற்காட்டு அரபிகாவும் கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி அரபிகாவும், குடகும் நீலகிரியும். 2019இல் குடகு அரபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அரபிகா, பாபாபுதன்கிரி அரபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இழந்த ஊர்ப் பெயர்கள் பொட்டலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டு மலைகளின் பெயர்களும் அந்த வரிசையில் வர வேண்டும் என்பது என் ஆசை.

பாபாபுதன்கிரி என்ற பெயர் நாகூர்க்காரருக்கு நெருக்கமாகப் படும். ஏமனின் சூஃபிகள் இரவுத் தியானத்தில் கண் விழித்திருக்கக் காப்பி அருந்தியது பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த செய்தி. அங்கிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்ற சூஃபி; காலம் 1670 வாக்கில் என்று மரபு சொல்கிறது. இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தைச் சுற்றி வளர்ந்த ஊரில் உட்கார்ந்து அந்தக் கொட்டையின் வழிவந்த காப்பியை ருசிப்பதில் ஓர் உறவு இருக்கிறது.

இன்னொரு உறவு கீழைக்கடலைத் தாண்டியது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் இங்கே அநேகம். அங்கே இரண்டு ஊர்களிலும் நாகூர் ஆண்டவரின் பெயரில் தர்காக்களே உண்டு. அந்த மண்ணின் ‘கோப்பி’ வேறு வம்சம். கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் வடித்து, கட்டிப்பால் ஊற்றிக் கொடுப்பது. கடல் கடந்து போய்வரும் சபுராளிகள் கொண்டுவரும் அந்தத் தூள் வீட்டில் இருந்தால் நம் பிளாண்டேஷனுக்குப் பக்கத்தில் பாலில்லாமல் வைத்துப் பாருங்கள். பூசிய சர்க்கரையின் கருகல் மணமும் எண்ணெய்ப் பசையும் உடனே தனியே தெரியும். இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவை இரண்டு வேறு பானங்கள்.

நாகூரில் இருந்துகொண்டு காப்பியைப் பேசுபவர் தண்ணீரைப் பேசாமல் விட முடியாது. கடலோர போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் போட்ட டிகாக்ஷன் எந்தக் கொட்டையானாலும் சப்பென்று இருக்கும். தண்ணீரிலுள்ள பைகார்பனேட் காப்பியின் புளிப்பை முறித்துவிடுவது காரணம். உப்பை முழுக்க உருவிய கேன் தண்ணீரும் குறைதான்: சாறு சரியாக இறங்காமல் காப்பி வெறுமையாகவும் கூர்மையாகவும் நிற்கும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த உப்புகள் இருப்பது நல்லது என்பது சர்வதேச ருசியாளர்களின் வழிகாட்டல். 75 முதல் 250 வரை தாங்கும். ஒரே தூளை போர் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும், இரண்டையும் கலந்தும் போட்டுப் பார்த்தபோது, கேன் மூன்று பங்கு, போர் ஒரு பங்கு என்ற கலவை என் வீட்டில் நன்றாக இருந்தது. உங்கள் தெருவில் கணக்கு மாறும். அரபிகா பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய பல வீடுகளில் குற்றவாளி தண்ணீராக இருந்திருக்கக்கூடும்.

கடற்காற்றின் ஈரமும் அப்படித்தான். அடுப்படி டப்பாவில் தூள் கட்டிதட்டும். மணம் ஒரு வாரத்தில் ஓடிவிடும். மேற்குக் கரையில் அதே கடற்காற்றைக் கொண்டே மழைக்கால மாதங்களில் பச்சைக் கொட்டையை ஊதிப் பெருக்கவைத்து, புளிப்பு மழுங்கிய ‘மான்சூன்ட் மலபார்’ என்று உலகத்துக்கு விற்கிறார்கள். வறுக்காத கொட்டைக்கு அது செல்லுபடியாகும். வறுத்து அரைத்த தூளுக்குக் காற்றும் ஈரமும் எமன். புதுத் தூளா என்று அறிய, சூடான தண்ணீர் ஊற்றியதும் பொங்கிக் குமிழ் விடுகிறதா என்று பாருங்கள். வறுத்தபோது உள்ளே சிக்கிய கரிவாயு வெளியேறுவது அது. பொங்காமல் சேறுபோல அமுங்கினால் தூள் பழசு. இரண்டு காப்பிகளை ஒப்பிடும்போது ஒன்று நேற்று அரைத்ததும் மற்றது போன மாதத்ததுமாக இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது வயதைத்தான்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கமும் ருசிக்கு விரோதம். நாக்கைச் சுடும் சூட்டில் கசப்பும் கனமும் மட்டுமே எட்டும். ஆற ஆறப் புளிப்பு எழும். வெதுவெதுப்பில் இனிப்பும் குறைகளும் வெளியே வரும். நல்ல காப்பி ஆறினால் சுவைக்கும். மட்டமான காப்பி ஆறினால் காட்டிக்கொடுத்துவிடும். 65 டிகிரிக்கு மேல் சூடாக எதையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அத்தர் கடைக்காரர் சொன்ன ஓய்வும் மறக்கக் கூடாது: ஓர் அமர்வுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு காப்பி, இடையில் வெறும் தண்ணீர். மூக்கைத் தெளிவாக்கக் காப்பிக்கொட்டையை மோந்து பார்க்கச் சொல்லும் வாசனைக் கடைகள் உண்டு. 2011இல் வந்த ஒரு சிறு ஆய்வில், அது வெறும் காற்றைவிட எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. நம் கடைக்காரர் சொன்னதே சரி.

இதையெல்லாம் படித்துவிட்டு, நாக்கு ஆளுக்கு ஆள் மாறுமே, யார் சொல்வது சரி என்று கேட்கலாம். மாறும்தான். ஒரு வேதிப்பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையற்றும் இருப்பதை ஆர்தர் ஃபாக்ஸ் 1931லேயே கண்டார். பிறப்பிலேயே வரும் வேறுபாடு அது. ஆகவே உங்களுக்குப் பிடித்தது எது என்பதில் எவருக்கும் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. ஆனால் பிடித்தது எது என்று அறிவதற்கே இரண்டு வேண்டும். ஒன்றையே முப்பது வருஷம் குடித்தவருக்கு அது பழக்கம். பிடித்தம் என்று சொல்ல இன்னொன்றைக் கண்டிருக்க வேண்டும். ஒரு மாதம் வாரம் இருமுறை இப்படி ஒப்பிட்டுவிட்டு, மறுபடி பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடியுங்கள். நான் குடிக்கிறேன். பாலுக்கு அடியில் ரொபஸ்டா எங்கே தாங்குகிறது, அரபிகா எங்கே மணக்கிறது, சிக்கரி எங்கே வழவழக்கிறது என்று இப்போது தெரிகிறது. எங்கள் வீட்டில் சிக்கரி முப்பதிலிருந்து பத்துக்கு வந்துவிட்டது. முழுதாக நிறுத்தவில்லை, அந்தப் பத்து எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த முறை தூள் வாங்கப் போகும்போது வழக்கமான கலவையோடு, சிக்கரி சேர்க்காத நூறு கிராமையும் தனிப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். எந்த மலையிலிருந்து வந்த கொட்டை என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அடுத்த முறை விசாரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து மூன்று டம்ளரை எடுத்து வையுங்கள்; பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.